பச்சை மிளகுக்கு ஏற்ற துணை எது?

ஆண்டில் சில மாதங்களே கிடைக்கும் விளைபொருள் அது. வாங்கிய இரண்டு மூன்று நாள்களில் நிறம் மாறிவிடும். எதனுடன் சேர்த்தால் அதன் மணமும் காரமும் சிறக்கும் என்பதை அறிந்திருந்தால், கைப்பிடியளவு பச்சை மிளகைக் கொண்டே ஒரு வாரச் சமையலை மணக்கச் செய்யலாம்.

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பேருந்திலிருந்து இறங்கி, காந்தி பூங்காவைக் கடந்து சாலைக் கடைவீதிக்குள் நுழையும் தமிழர் ஒருவர் 'பச்சை மிளகு' வேண்டுமென்று கேட்டால், அவர் பையில் பச்சை மிளகாய் விழுவதற்கே வாய்ப்பு மிகுதி. மலையாளத்தில் 'பச்சமுளகு' என்பது பச்சை மிளகாயைக் குறிக்கும் சொல். கடல் கடந்து வந்த மிளகாய், மிளகின் பெயரையே அங்கு எடுத்துக்கொண்டது. பெயரை இழந்த பழைய மிளகு, அடைமொழி பூண்டு 'குருமுளகு' என்றும் 'நல்லமுளகு' என்றும் ஆயிற்று. கன்னியாகுமரி மாவட்டத் தமிழிலும் 'நல்லமிளகு' என்ற வழக்கு இன்றும் உண்டு. ஆகவே, சாலையில் கேட்க வேண்டிய சொல் 'பச்சக்குருமுளகு' என்பதாகும். அப்படிக் கேட்டால், பருவ காலத்தில், பச்சை மணிகள் நெருக்கமாக அமர்ந்த சரங்கள் காம்போடு கிடைக்கும்.

வாங்கிவிடலாம். வீட்டிற்குக் கொண்டுவந்த பிறகு அதனை என்ன செய்வது என்பதே பலருக்கும் எழும் வினா. உலர்ந்த மிளகைப் போல அதனை டப்பாவில் இட்டு வைக்க இயலாது. ஊறுகாய் போட்டதுபோக மீதியைக் குளிர்பதனப் பெட்டியில் மறந்துவிட்டுக் கறுத்தபின் எறியும் இல்லங்கள் பல. எந்தெந்தப் பொருள் பச்சை மிளகுக்குப் பொருந்தும், ஏன் பொருந்தும் என்பது தெரிந்துவிட்டால் அந்த வீணடிப்பு நிகழாது.

மிளகு கட்டிய கோட்டை

கிழக்கேகோட்டை என்னும் பெயர், பத்மநாபசுவாமி ஆலயத்தைச் சூழ்ந்த கோட்டையின் கிழக்கு வாயிலால் வந்தது. அந்தக் கோட்டைக்குள்ளிருந்து ஆண்ட அரசின் கருவூலத்தை நிரப்பிய பொருள்களுள் தலையாயது மிளகு. 1741ஆம் ஆண்டு குளச்சலில் டச்சுப் படையை மார்த்தாண்ட வர்மர் வென்ற போருக்குப் பின்னணியாக இருந்ததும் மிளகு வாணிபமே. மிளகு வாணிபத்தை அரசின் தனியுரிமை ஆக்கியவரும் அவரே.

கோட்டை வாயிலுக்கு எதிரே தொடங்கிக் கிள்ளிப்பாலம் வரை நீளும் சாலைக் கடைவீதியை அமைத்தவர், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவானாக இருந்த ராஜா கேசவதாசர். தெற்கே நாஞ்சில் நாட்டிலிருந்தும், மலையோரப் பகுதிகளிலிருந்தும் வரும் சரக்குகள் ஒருங்கே குவியும் இடமாக அது வளர்ந்தது. ஆ. மாதவனின் கதைகள் வாயிலாகத் தமிழ் வாசகர்கள் அறிந்த 'சாலைத் தெரு' இதுவே. தமிழரும் மலையாளிகளும் அருகருகே கடை வைத்து, அருகருகே சமைத்து வந்த இத்தகைய இடத்தில், பச்சை மிளகின் துணைகளும் இரு சமையல் மரபுகளிலிருந்தும் வந்து சேர்ந்துள்ளன.

ஒரே கொடி, மூன்று முகங்கள்

பச்சை மிளகு, கருமிளகு, வெண்மிளகு மூன்றும் ஒரே கொடியின் காய்கள். முதிர்ந்தும் பழுக்காத காயை வெயிலில் உலர்த்தினால் அதன் தோலிலுள்ள நொதிகள் செயல்பட்டுக் கருமிளகு கிடைக்கிறது. பழுத்த காயை நீரில் ஊறவைத்துத் தோலை நீக்கினால் வெண்மிளகு. இரண்டும் நிகழுமுன், கொடியிலிருந்து பறித்த நிலையிலேயே பயன்படுத்துவது பச்சை மிளகு.

மிளகின் காரத்திற்குக் காரணம் பைப்பரின் என்னும் வேதிப்பொருள். 1819ஆம் ஆண்டில் இதனைப் பிரித்தெடுத்தவர் டென்மார்க் அறிவியலாளர் ஓர்ஸ்டெட். மணத்திற்குக் காரணம் வேறு. பைனீன், சபினீன், லிமோனீன், கேரீன், கேரியோஃபிலீன் முதலிய ஆவியாகும் எண்ணெய்க் கூறுகளே மிளகின் மணம். உலர்த்தும்போது இம்மணத்தின் ஒரு பகுதி குறைகிறது. பசுமை வாசனை முற்றிலும் அகன்றுவிடுகிறது. பச்சை மிளகில் அப்பசுமை முழுமையாக இருக்கிறது. இளம் மணியில் காரம் மெல்லத் தொடங்கும். பல்லில் பட்டு வெடிக்கும்போது முதலில் மணமும் பிறகே உறைப்பும் புலப்படும்.

இவ்வியல்புகளே அதற்குரிய துணையைத் தீர்மானிக்கின்றன. பைப்பரின் நீரில் எளிதில் கரையாது, கொழுப்பில் கரையும். மணக் கூறுகளோ வெப்பத்தில் விரைந்து பறந்துவிடும். எனவே பச்சை மிளகுக்கு வேண்டிய துணை, காரத்தைத் தன்னுள் ஏந்திப் பரப்ப வேண்டும். மணத்தை மறைக்காமலும் இருக்க வேண்டும்.

ஒத்ததோடு சேர்ப்பதா, எதிரானதோடு சேர்ப்பதா?

பொதுவான மணக்கூறுகளை உடைய உணவுப் பொருள்கள் ஒன்றோடொன்று நன்கு பொருந்தும் என்ற கருத்து, சென்ற இருபது ஆண்டுகளில் மேலைநாட்டுச் சமையற்கலைஞரிடையே செல்வாக்குப் பெற்றது. 2011ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் பல்லாயிரம் சமையற்குறிப்புகளை இதற்கெனக் கணினியில் ஆராய்ந்தனர். மேலைநாட்டுச் சமையலில் அக்கருத்து ஓரளவு பொருந்தியது. கிழக்கு ஆசியச் சமையலில் பொருந்தவில்லை.

இந்தியச் சமையலை ஜோத்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2015ஆம் ஆண்டில் ஆராய்ந்தார்கள். 2,500க்கும் மேற்பட்ட குறிப்புகளைப் பகுத்த அவர்கள் கண்ட முடிவு குறிப்பிடத்தக்கது. நம் உணவுகளில் ஒன்றுசேரும் பொருள்கள், பெரும்பாலும் மணக்கூறுகளைப் பகிர்ந்துகொள்ளாதவை; வேறுபட்டவற்றைச் சேர்ப்பதே நம் முறை; அந்த முறைக்கு ஆதாரமாக நிற்பவை மிளகு போன்ற நறுமணப் பொருள்கள்.

சமையலறையில் நிற்பவருக்கு இதன் பொருள் எளியது. பச்சை மிளகுக்குத் துணை தேடும்போது, 'இதைப் போன்றது எது?' என்பதைவிட, 'இதனிடம் இல்லாதது எது?' என்று கேட்பதே முதல் வழி. மிளகிடம் இல்லாதவை நான்கு: கொழுப்பு, புளிப்பு, இனிப்பு, மாவுத்தன்மை. இவற்றைத் தரும் பொருள்களை ஈடு செய்யும் துணைகள் எனலாம். மணத்தால் ஒத்தவை உறவுத் துணைகள். முன்னதிலிருந்து ஒன்றோ இரண்டோ, பின்னதிலிருந்து ஒன்று என்று தேர்ந்தால் பொருத்தம் பெரும்பாலும் தவறாது.

இம்முறை புதியதுமன்று. சங்க இலக்கியத்தில் 'கறி' என்ற சொல் மிளகைக் குறிக்கும். பத்துப்பாட்டுள் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை ஓர் இல்லத்து உணவை விவரிக்கிறது. மோரிலிருந்து கடைந்தெடுத்த வெண்ணெயில் வெந்த மாதுளங்காய், அதனோடு மிளகு, கறிவேப்பிலை, மாவடு ஊறுகாய் என்று அப்பட்டியல் அமைகிறது. வெண்ணெய் கொழுப்பைத் தருகிறது. மாதுளங்காயும் மாவடுவும் புளிப்பைத் தருகின்றன. கறிவேப்பிலை மணத்தால் மிளகுக்கு உறவு. மிளகின் துணைகளை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

ஈடு செய்யும் துணைகள்

*கொழுப்பு.* தென் திருவிதாங்கூர்ச் சமையலில் பச்சை மிளகின் முதல் துணை தேங்காய். கெட்டியான தேங்காய்ப்பாலில் பைப்பரின் கரைந்து பரவுவதால், காரம் ஓரிடத்தில் சுருக்கெனக் குத்தாமல் குழம்பு முழுவதும் இதமாக நிற்கிறது. உருளைக்கிழங்கு, கேரட், பட்டாணி சேர்ந்த இஷ்டுவில் பச்சை மிளகாய்க்கு மாற்றாக இரண்டு சரம் பச்சை மிளகை இலேசாக நசுக்கி இட்டுப் பார்க்கலாம். தேங்காய் எண்ணெய், நெய், வெண்ணெய், முந்திரி விழுது, பனீர் ஆகியனவும் இவ்வரிசையில் அடங்கும். முட்டையின் மஞ்சள் கருவும் நல்ல துணையே. வேகவைத்த முட்டையின் மேல் நெய்யில் பொரித்த பச்சை மிளகைத் தூவினால் வேறு மசாலா வேண்டியதில்லை.

*புளிப்பு.* எலுமிச்சை, மாங்காய், தயிர் மூன்றும் சிறந்தவை. எலுமிச்சையின் அமிலம் சுவையை உயர்த்துவதோடு, மணி கறுத்துப்போவதையும் தாமதப்படுத்துகிறது. தயிரில் புளிப்பும் சிறிது கொழுப்பும் சேர்ந்தே இருக்கின்றன. சேனையும் வாழைக்காயும் புளித்த தயிரும் தேங்காயும் மிளகும் சேர்ந்த காளன், கேரள விருந்தின் நிலையான உறுப்பு. அதில் மிளகுத்தூளுக்கு மாற்றாக அரைத்த பச்சை மிளகைச் சேர்க்கலாம். மீன் குழம்பில் குடம்புளி ஏற்றது. அதன் புளிப்பு கனமின்றி நிற்கும். கரும்புளியை மிகுதியாகக் கரைத்தால் பச்சை மிளகின் மணம் அடங்கிவிடும்.

*இனிப்பு.* அன்னாசி, மாம்பழம், பழுத்த நேந்திரம், மஞ்சள் பூசணி, வெல்லம் ஆகியவை காரத்தை மென்மையாக்குகின்றன. அன்னாசியில் இனிப்பும் புளிப்பும் ஒருங்கே உள்ளமையால் அது இரட்டைத் துணை. அன்னாசிப் பச்சடியின் தேங்காய் அரைப்பில் பத்துப் பதினைந்து பச்சை மிளகு மணிகள் சேர்ந்தால் சுவை வேறாகிவிடும். பூசணி எரிசேரியில் மிளகு பழைய உறவினர். பச்சை மிளகு அங்கும் இடம் பெறும்.

*மாவுத்தன்மை.* சேனை, மரச்சீனி, பலாக்கொட்டை, வாழைக்காய், உருளைக்கிழங்கு, சோறு ஆகியவற்றுக்குத் தனித்த மணம் குறைவு. அக்குறையே இங்கு நிறை. மிளகின் மணம் தனித்துத் தெரிய அவை இடம் கொடுக்கின்றன. வேகவைத்த மரச்சீனிக் கிழங்கோடு பச்சை மிளகு, சின்ன வெங்காயம், உப்பு ஆகியவற்றைச் சேர்த்து இடித்து, மேலே தேங்காய் எண்ணெய் ஊற்றிய தொடுகறியை உண்டவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

அசைவம் உண்போர்க்கு மீனும் நண்டும் இறாலும் கணவாயும் உகந்தவை. அவற்றின் இறைச்சியில் இயல்பாகவே ஓர் இனிப்பு உண்டு. கரிமீனுக்கும் நெய்மீனுக்கும் மிளகாய்த்தூளைத் தவிர்த்து, பச்சை மிளகு, இஞ்சி, பூண்டு, மஞ்சள், உப்பு, எலுமிச்சைச்சாறு ஆகியவற்றை அரைத்துத் தடவிப் பொரிக்கும் வழக்கம் கேரளக் கரையோரங்களில் உண்டு. கோழி இறைச்சியில் தேங்காய்ப்பால் இடைநின்றால் பொருத்தம் கூடும்.

உறவுத் துணைகள்

மணத்தால் மிளகுக்கு நெருங்கியவை நம் அஞ்சறைப் பெட்டியிலும் கொல்லையிலும் இருக்கின்றன. கறிவேப்பிலையின் மணத்திலுள்ள பைனீனும் கேரியோஃபிலீனும் மிளகிலும் உள்ளன. எலுமிச்சைத் தோலின் மணத்திற்குப் பெரிதும் காரணமான லிமோனீன் மிளகிலும் உண்டு. ஆகவே எலுமிச்சையின் சாறு ஈடாகவும் தோல் உறவாகவும் அமைந்து, ஒரே கனி இரு பணிகளையும் செய்கிறது. சாதிக்காயில் சபினீன் மிகுதி. தேங்காய்ப்பால் குழம்பில் அதனை ஒரு சிட்டிகை உரசிச் சேர்க்கலாம். இஞ்சி, ஏலம், கொத்தமல்லித் தழை ஆகியனவும் இணங்கும்.

மாங்காய் இஞ்சியைத் தனியே குறிப்பிட வேண்டும். இது மஞ்சள் இனத்தைச் சேர்ந்த கிழங்கு. மாங்காயின் மணம் வீசுவது. மாங்காய்க்கும் மாங்காய் இஞ்சிக்கும் அம்மணத்தைத் தரும் பொருள்களுள் ஒன்றான கேரீன் மிளகிலும் காணப்படுகிறது. மாங்காய் இஞ்சியும் பச்சை மிளகும் எலுமிச்சைச் சாற்றில் ஊறும் ஊறுகாயைத் தமிழ் இல்லங்கள் தலைமுறை தலைமுறையாகப் போட்டு வருவதற்கு இதுவே வேதியியல் விளக்கம். ஆய்வகம் தோன்றுமுன்பே நாவு அறிந்துகொண்ட பொருத்தம் அது.

மஞ்சளும் மிளகும் சேர்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. பெங்களூரு செயிண்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், மஞ்சளிலுள்ள குர்குமினை உடல் ஏற்றுக்கொள்ளும் அளவைப் பைப்பரின் பெரிதும் உயர்த்துவதாகக் கண்டனர். அந்த ஆய்வில் தரப்பட்டவை பிரித்தெடுத்த தூய பொருள்கள். ஒரு கரண்டிக் குழம்பிலிருந்து அதே விளைவை எதிர்பார்க்க இயலாது. சில மருந்துகள் உடலில் சேரும் அளவையும் பைப்பரின் மாற்றக்கூடும் என்பதால், மருந்துண்போர் மிளகைச் சமையல் அளவோடு நிறுத்திக்கொள்வது நன்று.

பிற நாடுகள் கண்ட பொருத்தம்

கம்போடியாவின் கம்போட் பகுதி மிளகுக்குப் பெயர் பெற்றது. அதனை அடுத்த கெப் கடற்கரையில், பச்சை மிளகைச் சரத்தோடு நண்டுடன் வதக்கிப் பரிமாறுவது அவ்வூரின் அடையாள உணவு. தாய்லாந்தில் இளம் மிளகுச் சரங்களை இஞ்சி இனத்துக் கிழங்கு ஒன்றுடனும் துளசி வகைத் தழைகளுடனும் சேர்த்து வதக்குகிறார்கள். பிரெஞ்சுச் சமையலில் உப்புநீரில் பாதுகாத்த பச்சை மிளகைப் பாலேட்டில் கொதிக்கவிட்டு, இறைச்சிக்கு மேல் ஊற்றும் சாறு புகழ்பெற்றது. நண்டின் இனிப்பு, தழைகளின் மணம், பாலேட்டின் கொழுப்பு என்று மூன்று நாட்டாரும் தனித்தனியே வந்தடைந்த முடிவுகள், நம் இஷ்டுவும் காளனும் ஊறுகாயும் சொல்வதையே சொல்கின்றன.

சேராதவை

எல்லாவற்றோடும் இணங்கும் பொருள் எதுவும் இல்லை. கரம் மசாலா, சாம்பார்ப் பொடி போன்ற வறுத்த கூட்டுப்பொடிகள் பச்சை மிளகின் பசுமையை மூடிவிடும். பெருங்காயம் மிகுந்தாலும் அவ்வாறே. பச்சை மிளகாயையும் பச்சை மிளகையும் ஒரே பாத்திரத்தில் சமமாகச் சேர்த்தால், மிளகாயின் காரமே மேலோங்கி மிளகு இருந்த இடம் தெரியாது போகும். பாகற்காய் போன்ற கசப்புக் காய்களில் மிளகின் உறைப்பு கசப்பைக் கூர்மையாக்கும். நீண்ட நேரக் கொதியும் பகையே. காரத்தில் ஒரு பகுதி குழம்பில் இறங்க வேண்டுமாயின் சில மணிகளை நசுக்கித் தொடக்கத்தில் இடுக. மணத்திற்காக மீதியை இறக்குவதற்கு இரண்டு மூன்று நிமிடம் முன்பு சேர்க்க.

மூன்று கேள்விகள்

புதியதோர் உணவில் பச்சை மிளகைச் சேர்க்க எண்ணுவோர் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டியவை மூன்று:

1. காரத்தை ஏந்தும் கொழுப்போ மாவோ இதில் உண்டா? (தேங்காய், நெய், தயிர், கிழங்கு, சோறு)
2. நாவைத் தெளிவிக்கும் புளிப்போ இனிப்போ உண்டா? (எலுமிச்சை, மாங்காய், குடம்புளி, அன்னாசி, பூசணி)
3. மணத்தால் உறவான ஒன்று உண்டா? (கறிவேப்பிலை, எலுமிச்சைத் தோல், இஞ்சி, மாங்காய் இஞ்சி, சாதிக்காய்)

மூன்றுக்கும் 'உண்டு' என்ற விடை வந்தால் தயக்கமின்றிச் சமைக்கலாம். தயிர்சாதத்தை எடுத்துக்கொள்வோம். சோறும் தயிரும் முதல் கேள்விக்கு விடை. தயிரின் புளிப்பு இரண்டாவதற்கு. தாளித்த கறிவேப்பிலையும் இஞ்சியும் மூன்றாவதற்கு. பச்சை மிளகு ஊறுகாயும் தயிர்சாதமும் பிரியாத இணையானது தற்செயல் அன்று. தக்காளி இரசத்தையும் இவ்வாறே சோதிக்கலாம். புளிப்பு உண்டு, கறிவேப்பிலை உண்டு. கொழுப்பு மட்டும் இல்லை. ஒரு தேக்கரண்டி நெய்யில் பச்சை மிளகைப் பொரித்து மேலே ஊற்றினால் அக்குறையும் நீங்கும்.

தேர்ந்தெடுத்தலும் காத்தலும்

மிளகுக் கொடி தென்மேற்குப் பருவமழையோடு பூக்கத் தொடங்கி, ஆறு முதல் எட்டு மாதங்களில் காய் முதிர்ச்சி அடைகிறது. கேரளத்தின் சமவெளிகளில் நவம்பர் முதல் ஜனவரி வரையும், உயர்ந்த மலைப்பகுதிகளில் அதற்குச் சற்றுப் பின்னரும் அறுவடை நடைபெறும். சமையலுக்கும் ஊறுகாய்க்கும் உரியவை அறுவடைக்கு முந்திய இளங்காய்கள். ஒரு மணியை நகத்தால் அழுத்திப் பார்க்கவேண்டும். உள்ளே வெண்மையாகவும் மென்மையாகவும் இருந்தால் இளசு. கடினமான விதை தட்டுப்பட்டால் முற்றியது. அதனை அரைத்துப் பயன்படுத்தலாம், முழுதாகக் கடிக்க உதவாது. சரம் பளிச்சென்ற பச்சையாகவும் காம்பு வாடாமலும் இருப்பது நன்று.

அடிபட்ட மணி விரைவில் கறுக்கும். ஆதலால் உதிர்க்காமல் சரமாகவே வைத்திருக்க வேண்டும். ஓரிரு நாள்களுக்குத் துணியில் சுற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம். சில மாதங்களுக்கு வேண்டுமெனில், கொதிநீரில் ஒரு நிமிடம் அமிழ்த்தி உடனே குளிர்நீரில் இட்டு, ஈரம் போகத் துடைத்து, காற்றுப் புகாத பெட்டியில் உறைநிலையில் வைக்கவேண்டும். கறுக்கச் செய்யும் நொதிகள் கொதிநீரில் செயலிழந்துவிடுவதால் நிறம் நிலைக்கும்.

மாங்காய் இஞ்சி, பச்சை மிளகு ஊறுகாய்

தேவையானவை: பச்சை மிளகு 100 கிராம், மாங்காய் இஞ்சி 100 கிராம், நன்கு சாறுள்ள எலுமிச்சை 6, கல்லுப்பு 2 மேசைக்கரண்டி, மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி.

செய்முறை: மிளகுச் சரங்களைக் கழுவி நிழலில் ஈரமறக் காயவைக்கவும். சரங்களை ஓர் அங்குல நீளத் துண்டுகளாக நறுக்கவும். மாங்காய் இஞ்சியைத் தோல் சீவி மெல்லிய வட்டங்களாக அரியவும். இரண்டையும் உப்பு, மஞ்சள்தூளுடன் கலந்து உலர்ந்த கண்ணாடிக் குடுவையில் இட்டு, துண்டுகள் மூழ்கும்வரை எலுமிச்சைச் சாற்றை ஊற்றவும். நாள்தோறும் ஒருமுறை குலுக்கவும். ஒரு வாரத்தில் உப்பும் புளிப்பும் உள்ளே இறங்கிவிடும். பின்னர்க் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, ஈரமில்லாக் கரண்டியால் எடுத்துப் பயன்படுத்தவும். இதில் எண்ணெயும் இல்லை, தாளிதமும் இல்லை. கொழுப்பை உடன் உண்ணும் தயிர்சாதம் தந்துவிடுகிறது.

கொடியின் கணக்கு

சமையலறைப் பொருத்தத்திற்கும் மிளகு பயிரிடுவோரின் வருவாய்க்கும் தொடர்பு உண்டு. 100 கிலோ பச்சை மிளகை உலர்த்தினால் ஏறக்குறைய 33 கிலோ கருமிளகே கிடைக்கும். மூன்றில் இரு பங்கு எடை வெயிலில் போய்விடுகிறது. ஆகவே பச்சை மிளகின் கிலோ விலை, கருமிளகு விலையின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும்போது, பச்சையாகவே விற்பது பயிரிடுவோர்க்கு இலாபம்; உலர்த்தும் கூலியும், மழை வந்தால் பூஞ்சை பிடிக்குமே என்ற கவலையும் மிச்சம். ஆனால் அந்த விலைக்கு வாங்கிச் சமைப்பவர் வேண்டும். வாங்குவோர் ஊறுகாய் ஒன்றையே அறிந்திருந்தால் தேவை சில கிலோவோடு நின்றுவிடும்.

உலக மிளகு உற்பத்தியில் நெடுங்காலம் முன்னணியில் இருந்த இந்தியாவை, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வியட்நாம் முந்திச் சென்றது. வாட்ட நோயால் கேரளத்தில் பல தோட்டங்கள் கொடிகளை இழந்தன. 1971ஆம் ஆண்டில் கண்ணூர் மாவட்டத்துப் பன்னியூர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட 'பன்னியூர் 1', உலகின் முதல் கலப்பின மிளகு. கோழிக்கோட்டிலுள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனமும் பல புதிய வகைகளைத் தந்துள்ளது. ஆயினும் மாமரத்திலும் பலாமரத்திலும் இரண்டு கொடிகளைப் படரவிட்டிருக்கும் சிறு வீட்டுத் தோட்டக்காரருக்கு, உலர்த்தி விற்பதற்குரிய அளவில் விளைச்சல் கிடைப்பதில்லை. அத்தகையோர் பறிக்கும் ஓரிரு கிலோ பச்சைச் சரங்களுக்கு அண்டை வீட்டுச் சமையலறையே தகுந்த சந்தை.

இவ்விதழின் வாசகர்களுள் தோட்டம் உடையோரும் உண்டு. அடுக்ககங்களில் வாழ்வோரும் உண்டு. தோட்டமில்லாதோர் குற்றிமிளகு எனப்படும் புதர் மிளகைத் தொட்டியில் வளர்க்கலாம். காய்க்கும் பக்கக் கிளையை வேரூன்றச் செய்து உருவாக்கும் இச்செடி, மரத்தில் ஏறாமல் புதராக நின்று காய்க்கும். பருவம் கடந்தும் ஓரிரு சரங்களைத் தந்துகொண்டிருக்கும். மிதமான நிழலும், நீர் தேங்காத மண்ணும் போதும். வேளாண் பல்கலைக்கழகத் தோட்டங்களிலும் நம்பகமான நாற்றுப் பண்ணைகளிலும் செடிகளைக் கேட்டுப் பெறலாம்.

ஒரு குடும்பத்தின் ஒரு வாரத் தேவைக்கு 100 கிராம் பச்சை மிளகு தாராளம். முதல் நாள் இஷ்டுவில் இரண்டு சரம், மறுநாள் அன்னாசிப் பச்சடியில் பதினைந்து மணி, மூன்றாம் நாள் நெய்யில் பொரித்து இரசத்தில் ஒரு கரண்டி, மீதி எலுமிச்சைச் சாற்றில். இவ்வாறு பங்கிட்டால் கறுத்துப்போவதற்கு ஒரு மணியும் எஞ்சாது.